மலையில் உடுத்துவது: கொல்லிமலையில் வளர்ப்பும் பயன்பாடும்

மிளகு பறிக்கும் நாட்களில் கொல்லிமலையின் தோட்டத்துத் தடங்களில் மூன்று விதமான உடை எதிர்ப்படும். மூங்கில் ஏணியைத் தோளில் சாய்த்துப் போகும் ஆண், கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டித் தலையில் துண்டைச் சுற்றியிருப்பார். கொடியடியில் உதிர்ந்த மிளகைப் பொறுக்கும் பெண், சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார். அருவி பார்க்க வந்த நகரத்து இளைஞர் செயற்கை இழைக் கால்சட்டையும் தடித்த அடி கொண்ட ஷூவுமாக நடப்பார். மூவரும் தத்தம் உடைதான் மலைக்கு ஏற்றது என்று நம்புகிறார்கள். மூவருக்கும் அதற்குக் காரணம் சொல்லவும் தெரியும்.

திறந்த வெளியில் உடுத்துவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெயில், மழை, குளிர், முள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவற்றுக்கு எது ஏற்றதோ அதை மக்கள் உடுத்துவார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஒரே மழையில் ஒருவர் தலையை மூடுகிறார், இன்னொருவர் காலை மூடுகிறார். எந்த இடரை முதலில் தடுக்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம், உடலில் எது பிறர் கண்ணுக்குத் தெரியலாம் என்பதைச் சிறு வயதே கற்றுக்கொடுத்துவிடுகிறது. பயன்பாடு அந்த எல்லைக்குள் நின்றே வேலை செய்யத் தொடங்குகிறது. போகப்போக எல்லையைச் சற்றுத் தள்ளியும் வைக்கிறது. வளர்ப்பும் பயன்பாடும் இப்படி ஒன்றையொன்று திருத்திக்கொள்வதைப் பார்க்கக் கொல்லிமலை நல்ல இடம்.

நிலமும் குளிரும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கும் கொல்லிமலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மேல்சட்டை கனக்கும் நேரத்தில் மலைமேல் உள்ள செம்மேட்டில் போர்வை தேவைப்படுவது இதனால்தான். ஆனாலும் இது உதகையின் குளிர் அன்று. மார்கழி, தை மாதங்களில் காலையில் பனி மூடும். பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். மண்வெட்டி பிடித்தவருக்கு வியர்த்துவிடும். ஆகவே இங்கு வேண்டியது கனத்த உடையன்று. எளிதில் கழற்றி, சுருட்டி, வேறு வேலைக்கும் பயன்படுத்தக்கூடிய உடை. இந்த ஒரு தேவையை மனத்தில் வைத்தால் மலைவாசிகளின் உடுப்பில் பாதி விளங்கிவிடும்.

மீதியை நிலத்தின் சரிவு விளக்குகிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் தார்ச்சாலை வருமுன், மலைப்பொருள்கள் தலைச்சுமையாகவே ஒற்றையடிப் பாதைகளில் இறங்கின. பலாப்பழமும் வாழைத்தாரும் சுமந்து செங்குத்தாக இறங்குகிறவருக்கு இரண்டு கைகளும் வேண்டும், முழங்கால் தடையின்றி மடிய வேண்டும், பாதம் பாறையைப் பற்ற வேண்டும்.

சமவெளியின் துணி, மலையின் கம்பளி

கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் பெரியவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதும், அண்ணன் தம்பியர் மூவர் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்பதும் அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. அதன் வரலாற்று உண்மை எதுவாயினும், உடையைப் பொறுத்தவரை அது பொருந்தி வருகிறது. நீலகிரியின் தோடர்கள் பூத்துக்குளி என்னும் கனத்த வெள்ளைப் போர்வையைச் சிவப்பும் கறுப்புமான பூவேலையோடு போர்த்துகிறார்கள். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படித் தம்மைத் தனியே அடையாளம் காட்டும் மேலாடை மலையாளிகளிடம் இல்லை. வேட்டி, துண்டு, சேலை என்று சமவெளி உழவர் உடுத்தியவற்றையே அவர்களும் உடுத்தினர். துணிக்குச் சமவெளியையே நம்பியிருந்தனர். இன்று மலையில் மடித்துக் கட்டப்படும் கைலிகளில் பல, இதே மாவட்டத்துக் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறியில் நெய்யப்பட்டவை.

மலை சேர்த்துக்கொண்ட ஒன்று கம்பளி. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’, சேர்வராயன் மலையாளிகள் தலைப்பாகையும் பழுப்புக் கம்பளியும் தரித்ததையும், அந்தக் கம்பளியே குளிருக்கு மேலங்கியாகவும் மழைக்கு அங்கியாகவும் குடையாகவும் பயன்பட்டதையும் பதிவு செய்கிறது. உலர்ந்த கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகத் தோன்றாமலே உறிஞ்சிக்கொள்ளும். இழைகளின் சுருளுக்குள் சிறைப்பட்ட காற்று உடல் சூட்டை வெளியே விடாது. பருத்தி நனைந்தால் அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் புகும்; நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு. மலைமழையில் நனைந்த பருத்தியோடு நிற்பவர் நடுங்குவதும் கம்பளிக்காரர் நடுங்காததும் இந்த வேறுபாட்டால்.

கம்பளியும் நனைந்தால் கனக்கும், விலையும் உண்டு. அது கிடைக்காத இடத்தில் கோணிச்சாக்கு அந்த வேலையை ஏற்றது. சாக்கின் அடிமூலைகளில் ஒன்றை மற்றதற்குள் செருகினால் தலையையும் முதுகையும் மூடும் கூம்பு கிடைக்கும். கொங்கு வட்டாரத்தில் இதற்குக் கொங்காடை என்று பெயர். இரு கைகளும் வேலைக்கு மிஞ்சும் என்பதே இதன் பெருமை. குடை பிடித்தவரால் நாற்று நட முடியாது, மாடு ஓட்ட முடியாது. இந்த எண்ணம் மிகப் பழையது. சங்கப் பாடல்கள் காட்டும் மழைக்கால இடையன் பனையோலைப் பறி என்னும் மழைமறைப்பை முதுகில் இட்டிருப்பவன். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் இடுப்பில் படங்கு சுற்றி, தலையில் கம்பளி போர்த்திய வழக்கத்திலும் இதே அறிவு இருக்கிறது: செடியில் உரசும் இடத்துக்கு ஒரு காப்பு, மழை விழும் இடத்துக்கு ஒன்று, கைக்குத் தடை ஏதுமில்லை. இப்போது சாக்கின் இடத்துக்கு யூரியாப் பையும் பிளாஸ்டிக் தாளும் வந்துவிட்டன. அவை நீரை முற்றிலும் தடுக்கும். வியர்வையையும் உள்ளேயே அடைத்துவைக்கும். வேலை செய்பவர் மழையில் நனையாமல் வியர்வையில் நனைகிறார்.

மடிப்பும் மரியாதையும்

வேட்டியும் கைலியும் வெட்டித் தைக்காத துணிகள். நீளமாக விட்டால் கோயிலுக்கும் சந்தைக்கும் உரியது, முழங்காலுக்கு மடித்தால் நடைக்கு, கால்களுக்கிடையே இழுத்துத் தார்ப்பாய்ச்சினால் மரமேறவும் சேற்றில் இறங்கவும். ஒரே துணி ஒரு நாளில் மூன்று உடையாகிறது. தோளில் கிடக்கும் துண்டு இன்னும் பலவாகும். சுருட்டி வைத்தால் சும்மாடு, சுற்றினால் தலைப்பாகை, விரித்தால் உட்கார இடம், முடிந்தால் பை. தைத்த கால்சட்டைக்கு இந்த நெகிழ்ச்சி கிடையாது. மாறாக அது முள்ளிலிருந்தும் அட்டையிலிருந்தும் காலைக் காக்கும். உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைகிறவர் அதன் அருமையை உணர்வார்.

பயன்பாட்டோடு வளர்ப்பு மோதும் இடம் மடிப்பை இறக்கிவிடும் வழக்கம். மடித்துக் கட்டிய கைலியோடு வருபவர், பெரியவர் எதிரே வந்தால் அதை இறக்கிவிடுவார். மலையேற்றத்தில் அது இடைஞ்சல். ஆனாலும் கை தானாக இடுப்புக்குப் போகிறது. அப்பா இறக்கிவிட்டதை ஆயிரம் முறை பார்த்த மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரியாதையின் பெயரால் நின்ற வழக்கங்கள் எல்லாம் இவ்வளவு மென்மையானவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினர் தெருவில் செருப்பணியவும், தோளில் துண்டு போடவும் தடுக்கப்பட்ட ஊர்கள் தமிழகமெங்கும் இருந்தன. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே பல்லாண்டு போராட வேண்டியிருந்தது; 1859-இல்தான் அரசாணை இறங்கிவந்தது. வெயிலில் மேலாடையின்றியும் முள்ளில் செருப்பின்றியும் நடந்த தலைமுறைகளைப் பார்த்து, ‘அவர்கள் வழக்கம் அது’ என்று எழுதிவிட்டுப் போவது பெரும் பிழை. வழக்கம் போலத் தெரிவதில் ஒரு பகுதி தடையின் தழும்பு.

பெண்களின் உடை

களையெடுப்பு, அறுவடை, விறகு, தண்ணீர் என்று மலைவேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. வளர்ப்பின் பிடி இறுக்கமாக இருப்பதும் அவர்களுடைய உடையில்தான். ஆகவே வளர்ப்பா பயன்பாடா என்ற கேள்வியின் மையம் இங்கே இருக்கிறது.

சேலையை வேலைக்கு ஆகாத உடை என்று ஒதுக்குவது எளிது. அது அவசர முடிவு. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள இந்தத் துணி ஒரு வேலைக்கருவியும் ஆகும். முந்தானையையும் கொசுவத்தின் முன்பகுதியையும் சேர்த்து இடுப்பில் கட்டினால் மடி கிடைக்கும். அவரையும் மொச்சையும் காப்பிப் பழமும் பறித்துப் போட இரண்டு கைகளுக்கும் அருகிலேயே ஒரு பை. பழைய சேலை மரக்கிளையில் தூளியாகி, வேலை முடியும் வரை குழந்தையைத் தாங்கும். கழிப்பறை இல்லாத தோட்டத்தில் ஒதுங்கும் பெண்ணுக்குச் சேலை தரும் மறைப்பைக் கால்சட்டை தராது. மலையேற்ற உடை பற்றிப் பேசும் ஆண்கள் இதைக் கருதுவதே இல்லை. கொங்குப் பகுதியில் மூத்த பெண்களிடம் இருந்த பின்கொசுவக் கட்டில் மடிப்புகள் பின்னால் போய்விடுவதால் முன்னே கால் தடுக்காது. இன்றைய முன்கொசுவக் கட்டு உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் ஊர்ப் பயணத்துக்கும் அழகு. வயலுக்கு அது பின்னடைவே.

சேலையின் குறைகளும் உண்மையானவை. காலைப் பனியில் நனைந்த கீழ்க்கரை கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். விறகுக் கட்டோடு இறங்கும்போது ஒரு கை துணியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இடுப்பும் முழங்கைக்குக் கீழும் வெயிலுக்கும் சுணைக்கும் திறந்திருக்கும். அன்னாசி இலையின் ரம்ப விளிம்பு கையைக் கீறும். இந்தக் கடைசிக் குறைக்குப் பெண்களே கண்ட தீர்வு ஆணின் முழுக்கைச் சட்டை. தமிழகம் முழுவதும் கரும்பு வெட்டிலும் நெல் அறுப்பிலும் நூறுநாள் வேலையிலும் இதைக் காணலாம். எந்த ஆய்வுக்கூடமும் வடிவமைக்கவில்லை, எந்தக் கடையும் விற்கவில்லை. நைந்த சட்டையானதால் செலவில்லை. வெற்றிலைக்கும் கைப்பேசிக்கும் பை கிடைத்தது. உழைக்கும் மக்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட கண்டுபிடிப்புகளின் வரிசையில் இதற்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

அதே சட்டை எல்லையையும் காட்டுகிறது. மேலே ஓர் ஆணுடையைச் சேர்க்கலாம். கீழே சேலையை மாற்ற முடியாது. வேலை முடிந்து பேருந்துக்கு வரும்போது சட்டை கழன்று பைக்குள் போய்விடும். தோட்டத்துக்குள் பயன்பாட்டுக்கு இடமுண்டு, சாலையோரத்தில் ஊர் பார்க்கிறது. இதற்கு விலையும் உண்டு. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடியை உயரத்தில் பறிக்க ஏணியேற வேண்டும். உயரத்து வேலை ஆண்களுடையதாகவே இருக்கிறது, பொறுக்குவதும் காயவைப்பதும் பெண்களுடையவை. உடை மட்டும் இதற்குக் காரணமன்று. ஆனால் சேலையோடு மரமேறுவது ஆபத்து என்பதும், வேறு உடையோடு ஏறுவது தகாது என்பதும் சேர்ந்து ஒரு கதவை மூடிவிடுகின்றன. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னையின் நண்பர்கள்’ பயிற்சியில் கேரளப் பெண்கள் பலர் ஏறும் கருவியோடு மரமேறக் கற்றனர். கருவியோடு உடையும் மாறியபோதுதான் அந்தத் தொழிலின் கதவு திறந்தது.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்த வரலாறு இதற்கு மறுபக்கம். அங்கே உடை மாறும்வரை யாரும் காத்திருக்கவில்லை. சேலையும் தாவணியும் கட்டியபடியே ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது குறுக்குத் தண்டு வைத்த ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினர். ஐரோப்பாவில் இதே சிக்கல் வந்தபோது ஒருபுறம் பாவாடைக்கு ஏற்ப வண்டியின் தண்டை வளைத்தார்கள். மறுபுறம் 1881-இல் லண்டனில் அமைந்த பகுத்தறிவு உடைச் சங்கம் பெண்களின் உடையையே மாற்றக் கோரியது. 1838-இல் மோன் பிளாங் சிகரம் ஏறிய ஆன்ரியெத் தாஞ்செவில் கால்சட்டை தைத்துக்கொண்டார். அதன் மேல் நீண்ட அங்கியும் அணிந்துகொண்டார். சட்டையைச் சேலைக்கு மேல் போடும் கொல்லிமலைப் பெண்ணும் அவரும் செய்தது ஒன்றே: தேவையானதைச் சேர்த்தார்கள், ஊர் கேட்டதையும் விட்டுவிடவில்லை.

இளைய பெண்களிடம் மாற்றம் பள்ளிச் சீருடை வழியே வந்தது. சுடிதாரை அரசே சீருடையாகத் தந்தபின் அது தகுமா என்ற கேள்வி எழவில்லை. பத்தாண்டு சுடிதாரில் மலைப்பாதை நடந்த பெண், திருமணத்துக்குப் பின் வயலில் இறங்கும்போது எதை உடுத்துவது என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு இருக்கிறது; நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொள்வது பலருக்கு நடுவழியாகியிருக்கிறது.

பாதம்

வெளியூரார் அதிகம் வியப்பது வெறுங்காலைப் பார்த்து. சிறு வயதிலிருந்து செருப்பின்றி நடந்த பாதம், ஷூவுக்குள் வளர்ந்த பாதத்தினின்று உருவிலேயே வேறுபடுகிறது. விரல்கள் விரிந்திருக்கும், வளைவு வலுவாயிருக்கும். தென்னிந்தியக் குழந்தைகள் 2,300 பேரை ஆராய்ந்து உதயபாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், செருப்பணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலில் நடப்பவருக்குத் தடித்துப்போகும் அடித்தோல், தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை என்று கென்யாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஈரப்பாறையில் விரலால் பற்றி இறங்கும் மலைவாசியின் துணிவு, உடலே பெற்ற பயிற்சியால் வந்தது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கும் பயணியிடம் அந்தப் பயிற்சி இல்லை. அவர் மலைவாசியைப் பார்த்து ஷூவைக் கழற்றினால் பயிற்சி, காப்பு இரண்டும் இல்லாதவராகிவிடுவார்.

வெறுங்காலைப் போற்றிப் பேசுவதற்கும் எல்லை உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். கடிகளில் பெரும்பாலானவை காலில் விழுபவை; கணுக்காலை மூடும் காலணி பலவற்றைத் தடுக்கும். கொக்கிப்புழுவும் வெறும் பாதத்தின் வழியேதான் உடலுக்குள் புகுகிறது. இவ்வளவு தெரிந்தும் ரப்பர் பூட்ஸ் வயலுக்குள் வராததற்கு வலுவான காரணங்கள் உள்ளன. நெல்வயல் சேற்றில் அது சிக்கிக்கொள்ளும், உள்ளே புழுங்கும், விலையும் உண்டு. இவற்றோடு, விளைநிலத்தையும் களத்தையும் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்று வளர்ந்த மனமும் சேர்கிறது. அறுவடைக் களத்தின் ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகள் நடைபாதைக்கு வாங்கப்பட்டவை, நிலத்துக்கு அல்ல. பூட்ஸ் விநியோகிக்கும் திட்டங்கள் விலையை மட்டும் கணக்கிட்டு இந்த மனத்தை மறந்தால் பூட்ஸ் பரணுக்குப் போகும். சேறில்லாத காப்பித் தோட்டத்திலும் புதர் வெட்டும் வேலையிலும் முதலில் அறிமுகம் செய்வது நடக்கக்கூடியது. அங்கே இடர் அதிகம், மனத்தடை குறைவு.

தலையும் காதும்

தமிழ் வளர்ப்பில் குளிர் நுழையும் வழி தலையும் காதும். ‘பனி தலையில் இறங்கும்’ என்று பிள்ளையின் தலையைச் சுற்றிக் கட்டும் தாய், அதே பிள்ளை வெறுங்காலோடு வாசலில் நிற்பதைப் பொருட்படுத்த மாட்டார். விடியலில் செம்மேட்டுக் கடைத்தெருவில் துண்டால் காதை மூடி, மேலே மெல்லிய சட்டையோடும் காலில் ரப்பர் செருப்போடும் டீ குடிக்கும் ஆண்களைப் பார்க்கலாம். குளிர்நாட்டு வளர்ப்பில் முதலிடம் உலர்ந்த பாதத்துக்கும் உடலின் நடுப்பகுதிக்கும். உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்ற பழைய கருத்து தவறு. தலையின் பரப்பளவுக்கு ஏற்ற பங்கே, ஏறத்தாழ பத்தில் ஒன்று, அவ்வழியே போகிறது. ஆயினும் முகமும் காதும் குளிரை மிகக் கூர்மையாக உணர்பவை. கொல்லிமலை போன்ற மிதமான குளிரில் ஆபத்தைவிட அசௌகரியமே பிரச்சினை என்பதால், காதை மட்டும் மூடுவது குறைந்த துணியில் நிறைந்த சுகம். இமயத்தில் இது போதாது, இங்கே போதும்.

மலையேற வருபவர்கள்

மலையேற்ற உடை என்று இன்று கடைகளில் கிடைப்பவை குளிர்நாட்டவர் அனுபவத்தில் விளைந்தவை. அங்கும் வளர்ப்பு பயன்பாட்டுக்கு வழிவிட நாளாயிற்று. 1922-இல் எவரெஸ்ட் முயற்சிக்கு வந்த ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் துணிக்குள் வாத்தின் மென்தூவியை அடைத்த மேலங்கி ஒன்றைத் தானே வடிவமைத்து அணிந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்து ஐரோப்பாவில் படித்த அவரை, கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக மலையேறுவதே கனவான் இலக்கணம் என்று வளர்ந்த சக பயணிகள் கேலி செய்தனர். குளிர் ஏறியதும் அவர்களே அந்த அங்கிக்கு ஏங்கினர். உயர்மலையில் தூவி அங்கி இல்லாமல் யாரும் போகாத காலம் பின்னர் வந்தது. பழைய உடையும் வெறும் பிடிவாதமன்று: 1924-இல் எவரெஸ்ட்டில் மறைந்த மலையேறி மலோரி அணிந்திருந்த பட்டு, பருத்தி, கம்பளி அடுக்குகளைப் போலவே செய்து 2006-இல் எவரெஸ்ட் பகுதியில் சோதித்தபோது அவை எதிர்பார்த்ததைவிட இலேசாகவும் வசதியாகவும் இருந்தன.

1969-இல் பாப் கோர் கண்ட விரிந்த டெஃப்ளான் படலம் மழையைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும் துணிக்கு வழி செய்தது. உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும் இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். கொல்லிமலையின் பருவமழையில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் ஆவி வெளியேறத் தயங்கும். விலை கொடுத்து வாங்கியவர் சாக்குப் போர்த்தியவரைப் போலவே வியர்ப்பார். செயற்கை இழை விரைவில் உலரும் என்பது பெரும் நன்மை. ஆனால் தீயருகே அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி எரியுமே தவிர உருகாது, கம்பளியில் தீ எளிதில் பற்றாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. கோடைக்கால வறண்ட புல்வெளியில் நடப்பவர் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது மழையைவிடத் தீயையே முதலில் எண்ண வேண்டும். தமிழக மலைகளுக்கான இந்த அறிவுரை குளிர்நாட்டு நூல்களில் கிடைக்காது.

பக்திப் பயணிகள் வேறொரு கணக்கில் உடுத்துகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைப் பலர் மூங்கில் தடியோடு வெறுங்காலில் ஏறுகிறார்கள். சபரிமலைக்குக் கறுப்பு வேட்டியும் செருப்பில்லாத காலும். இங்கே அசௌகரியம் தவிர்க்க வேண்டியதன்று, விரதத்தின் பகுதி. கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஆடிப்பெருக்கில் வருபவர்களிலும் இந்த மனம் இருக்கிறது. ஒரே படிக்கட்டில் ஒருவருக்கு ஷூ பாதுகாப்பு, இன்னொருவருக்கு அதைக் கழற்றுவது நேர்த்தி. உடையை வசதியால் மட்டும் அளக்கும் கணக்கு இங்கே செல்லாது.

பள்ளியும் சந்தையும்

வளர்ப்பு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பொங்கலுக்கு அரசு தரும் வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் காலணியும் வந்தன. மலைப்பகுதி அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை ஆகியவையும் சேர்ந்தன. பள்ளிக்குப் பூட்ஸோடு போய்ப் பழகிய பிள்ளையின் பாதம் தாத்தாவின் பாதம்போல் பாறையைப் பற்றாது. ஆனால் முள்ளும் புழுவும் அதை எளிதில் அண்டாது. இதில் இழப்பும் ஆதாயமும் சேர்ந்தே இருக்கின்றன, ஆதாயம் பெரிது.

சந்தை இதைவிட வேகமாக மாற்றுகிறது. திருப்பூரின் பின்னலாடைகள் சேந்தமங்கலம், ராசிபுரம் கடைகள் வழியே மலையேறுகின்றன; திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் இளைஞர்களின் பையிலும் வருகின்றன. டி-சர்ட்டும் டிராக் பேண்ட்டும் இன்று காடு வெட்டும் இளைஞரின் அன்றாட உடை. கைலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு டிராக் பேண்ட்டில் பலாமரம் ஏறுபவர் இரண்டு காலத்தையும் சேர்த்து உடுத்துகிறார்: ஏறுவதற்குத் தைத்த துணி, பழத்தைக் கட்டி இறக்கத் தைக்காத துணி.

மலையில் உடை மாறிய ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. வேலை பழைய உடையோடு நடக்க முடியாததாகியிருக்கிறது, அல்லது அரசோ பள்ளியோ புதிய உடைக்கு ஒப்புதல் தந்திருக்கிறது, அல்லது பழையதன் மேல் புதியதைச் சேர்க்க வழி கிடைத்திருக்கிறது. கணவரின் சட்டை இந்த மூன்றாம் வழியில் வந்தது. பெண்களின் மலைவேலைக்கென்று மடியும் பையும் மறைப்பும் முள்காப்பும் சேர்ந்த உடை ஒன்றை, அவர்களிடமே கேட்டுத் தைத்துத் தரும் வேலை இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. துணி நெய்யும் தறிகளும் தைக்கும் கைகளும் மலையின் அடிவாரத்து மாவட்டங்களிலேயே இருக்கின்றன.